நோன்பின் நியமங்களும் ராயபுரத்துக் கஞ்சியும்

வடசென்னையில் வயது முதிர்ந்தவர்களின் வாயில் ஸ்டான்லி மருத்துவமனைக்கு இன்னும் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்ற பெயரே வழங்குகிறது. ஹைதர் அலியின் படையெடுப்பினால் கர்நாடகப் பிரதேசம் பாழடைந்து, விளைநிலங்கள் தரிசாகி, பஞ்சத்தால் அடிபட்ட ஜனங்கள் கோட்டைக்கு வடக்கே வந்து குவிந்தபோது, 1782-ஆம் ஆண்டு வாக்கில் ராயபுரத்தில் மணியக்காரர் சத்திரம் என்று தோன்றிய கஞ்சி வார்க்கும் தர்ம ஸ்தாபனந்தான், 1799-இல் ஒரு வைத்தியசாலையையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு, காலக்கிரமத்தில் கவர்னர் ஸ்டான்லியின் பெயர் தாங்கிய மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் வித்தாக அமைந்தது. ஒரு பேட்டையின் பெரிய மருத்துவமனை, அங்கே அறுவை சிகிச்சை செய்த நிபுணர்களின் பெயரால் அறியப்படாமல், பசித்தவர்களுக்கு வார்த்த கஞ்சியின் பெயரால் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஜனங்களின் ஞாபகத்தில் நிற்பது சாமானிய விஷயம் அன்று.

அந்தத் தொட்டி மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. ஆனால் வருஷத்தில் ஒரு மாதம், இஸ்லாமியச் சந்திர மாதங்களில் ஒன்பதாவதாகிய ரமலானில், பிற்பகலின் அஸர் தொழுகை முடிந்ததும், ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் மண்ணடியிலும் உள்ள பள்ளிவாசல்களின் முன்னே எவர்சில்வர் தூக்குவாளிகளை ஏந்திய பெண்களும் சிறுவர்களும், இன்ன மதத்தார் என்ற கேள்விக்கே இடமின்றி வரிசையாய் நிற்பதைக் காண்கிறவர்களுக்கு, இந்தப் பகுதியில் கஞ்சி வார்க்கும் தர்மம் வேறொரு வடிவில் தழைத்திருப்பது விளங்கும். அந்தக் கஞ்சியின் ருசியை அறிந்த அண்டை அயலார் பலருக்கு, அதன் பின்னே நிற்கும் நோன்பின் நியமங்கள் தெரிவதில்லை. 'பாய்மார் எச்சிலைக்கூட விழுங்கமாட்டார்கள்' என்பதே நெடுநாளாய் வழங்கிவரும் அபிப்பிராயம், அது சரியன்று. வாயில் இயல்பாய் ஊறும் உமிழ்நீரை விழுங்குவதால் நோன்பு முறிவதில்லை. நோன்பைப் பற்றிய சட்டத்தைச் சிறிது நிதானமாக வாசித்தால், பட்டினியைப் பற்றிப் பேசும் அளவுக்கு அது பசித்தவனுக்கு உணவிடுவதைப் பற்றியும் பேசுகிறது என்பது புலனாகும். நோன்பு வைக்க இயலாதவனாயினும், வைத்து முறித்தவனாயினும், முப்பது நாளும் குறைவின்றி நிறைவேற்றியவனாயினும், எவ்வழியாகச் சென்றாலும் இறுதியில் ஓர் ஏழையின் அடுப்படிக்குப் போய்ச் சேருமாறே அந்தச் சட்டம் வகுக்கப்பட்டிருக்கிறது.

இஸ்லாத்தின் ஐந்து கடமைகளில் ஒன்றாகிய ரமலான் நோன்பு, நபிகள் நாயகம் மக்காவை நீங்கி மதீனாவில் குடியேறிய இரண்டாம் ஆண்டில், அதாவது கி.பி. 624-இல், கடமையாக்கப்பட்டது. குர்ஆனின் இரண்டாவது அத்தியாயத்தில் 183 முதல் 187 வரை உள்ள வசனங்களே இந்த அனுஷ்டானத்திற்கு அஸ்திவாரம். முன்னிருந்த சமூகத்தாருக்கும் நோன்பு விதிக்கப்பட்டிருந்தது என்பதை அந்த வசனங்கள் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கின்றன. இதை ராயபுரத்தாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியம் அதிகம் இல்லை. ராயப்பர் கோயிலைச் சுற்றி வாழும் கத்தோலிக்கக் கடலோர மக்கள் தவக்காலத்தில் ஒறுத்தல் இருப்பதும், அம்மனுக்குக் கூழ் வார்க்கும் ஆடி மாதத்தில் அடுத்த தெருவினர் விரதம் காப்பதும் இங்கே ஒன்றையொன்று பார்த்தே நடந்துவருகின்றன. 2025-ஆம் ஆண்டில் மார்ச் 2-ஆம் தேதி ரமலான் நோன்பும், மார்ச் 5-ஆம் தேதி திருநீற்றுப் புதனும் ஒரே வாரத்தில் வந்து அமைந்தன. எனவே பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் ஒரே காலத்தில் நோன்பு தொடங்கியது.

விதிக்கப்பட்ட ஆரம்ப நாட்களில் நோன்பின் நியமம் இப்போதிருப்பதைவிடக் கடினமாக இருந்தது. மாலையில் நோன்பு திறந்த பின், ஒருவன் உறங்கிவிட்டால், விழித்தெழுந்து மறுபடி உண்ண அனுமதியில்லை. அடுத்த மாலைவரை காத்திருக்க வேண்டும். கைஸ் இப்னு ஸிர்மா என்ற மதீனாவாசி, நாள் முழுதும் உழைத்துவிட்டு மாலையில் வீடு திரும்பி, உண்ண ஏதேனும் உண்டா என்று மனைவியைக் கேட்டார். வீட்டில் ஒன்றும் இல்லாமையால், எங்கேனும் போய்த் தேடி வருவதாகச் சொல்லி அவள் வெளியே சென்றாள். களைப்பின் மிகுதியால் அவர் அதற்குள் கண்ணயர்ந்துவிட்டார். திரும்பி வந்து பார்த்த அந்த அம்மையார், வாய்ப்புத் தப்பிவிட்டதே என்று மனம் நொந்தார். வெறும் வயிற்றோடு மறுநாளும் நோன்பிருந்த அந்த உழைப்பாளி, நண்பகலில் மூர்ச்சையுற்று விழுந்தார். செய்தி நபிகளுக்கு எட்டியது. அதன் பின்னரே, இரவு முழுவதும் உண்ணவும் பருகவும் இல்லறம் நடத்தவும் அனுமதியளிக்கும் 187-ஆம் வசனம் இறங்கிற்று என்று நபிமொழித் தொகுப்புகளாகிய ஹதீஸ் நூல்கள் பதிவு செய்கின்றன. மூட்டை சுமந்தும் பாரம் இழுத்தும் பிழைக்கிறவர்கள் நிறைந்த துறைமுகப் பட்டினத்தில், நோன்பின் சட்டத்தைப் பற்றிப் பேசப் புகுகிறவர்கள் இந்த வரலாற்றிலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்பது என் துணிபு. கூலிவேலை செய்த ஒருவருடைய மயக்கத்திலிருந்தல்லவா அந்தச் சலுகை பிறந்தது!

ஆகவே நோன்பின் காலம், கீழ்வானில் வைகறை வெளிச்சம் பரவும் நேரம் தொடங்கிச் சூரியன் அஸ்தமிக்கும் வரையில் என்று நிலைபெற்றது. வெள்ளை நூலும் கறுப்பு நூலும் வேறுபட்டுத் தெரியும்வரை உண்ணலாம் என்று அவ்வசனம் உவமையாய்க் கூறியதை உண்மை நூல்கள் என்றே எண்ணி, தலையணைக்குக் கீழே இரண்டு கயிறுகளை வைத்துக்கொண்டு இரவில் அடிக்கடி எடுத்துப் பார்த்த ஒரு தோழருக்கு, அது இரவின் கருமையும் பகலின் வெண்மையுமே என்று நபிகள் விளக்கினார்கள் என்பர். இன்று நூலைத் தேட வேண்டிய சிரமம் யாருக்கும் இல்லை. ஜவுளிக்கடைகளும் மளிகைக்கடைகளும் அச்சிட்டு வழங்கும் நேர அட்டவணை, ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் சஹர் என்னும் பின்னிரவு உணவின் முடிவையும் நோன்பு திறக்கும் நேரத்தையும் நிமிஷக் கணக்காய்க் காட்டிக்கொண்டிருக்கிறது. பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ள சென்னையில் நோன்பின் நீளம் மார்கழியில் சுமார் பன்னிரண்டரை மணி நேரமும், ஆனியில் பதினான்கு மணிக்குச் சற்று அதிகமுமாய் இருக்கும். ஐரோப்பாவின் வடகோடியில் வாழ்கிறவர்கள் கோடையில் பதினெட்டு மணி நேரத்துக்கு மேலும் பசித்திருக்க நேர்கிறது. சந்திர வருஷம் சூரிய வருஷத்தைவிடப் பத்துப் பதினோரு நாட்கள் குறைவானது. ஆகையால் ரமலான் ஒவ்வோராண்டும் முன்னோக்கி நகர்ந்து, ஏறக்குறைய முப்பத்து மூன்று ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒரு முறை சுற்றி வந்துவிடுகிறது. 2018-இல் அது அக்கினி நட்சத்திரத்திலேயே வந்தது. இனி வரும் சில ஆண்டுகளில் பனிக்காலத்தின் இதமான பகல்களை நோக்கிச் செல்லும்.

மாதத்தின் தொடக்கம் பிறையைக் கொண்டே நிர்ணயிக்கப்படுகிறது. எட்டாவது மாதமாகிய ஷஃபானின் இருபத்தொன்பதாம் நாள் அஸ்தமனத்தில் பிறை தென்பட்டால் மறுநாள் நோன்பு. தென்படாவிட்டால் அம்மாதத்தை முப்பதாக நிறைவு செய்த பிறகு நோன்பு. பிறை அந்தி நேரத்தில் மேற்கு வானில் மட்டுமே தோன்றும். கிழக்கே கடலை வைத்துக்கொண்டிருக்கும் ராயபுரத்தில், கோழிக்கோட்டுக் கடற்கரையில் நிற்கிறவனைப்போல நீர்ப்பரப்பின்மேல் அதைக் காணும் பாக்கியம் கிடையாது. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மொட்டை மாடியில் ஏறி, தண்ணீர்த் தொட்டிகளுக்கும் கேபிள் கம்பிகளுக்கும் மேலாகத்தான் தேட வேண்டும். மேகம் மறைத்தாலும் கவலையில்லை; தமிழகத்தின் எந்த ஊரிலேனும் கண்டதாக நம்பத்தக்க சாட்சியம் வந்தால், தலைமைக் காஜி விசாரித்து அறிவிப்பார். பிறையைப் பார்த்தே தொடங்குவதா, கணிதத்தை ஏற்பதா, பிற தேசத்துப் பிறையை ஒப்புக்கொள்வதா என்ற வாதங்கள் ஒவ்வோராண்டும் எழுந்து, சில வீடுகளில் ஒரு நாள் வித்தியாசத்தையும் உண்டாக்குகின்றன. அவ்விவாதம் இக்கட்டுரைக்கு அவசியம் இல்லை.

நோன்புக்கு உயிர்நாடி நிய்யத்து, அதாவது மனத்தில் செய்துகொள்ளும் சங்கல்பம். வாயால் சொல்வது கட்டாயமன்று என்று ஆலிம்கள் என்னும் மார்க்க அறிஞர்கள் கூறினாலும், இரவுத் தொழுகை முடிந்ததும் இமாம் ஒவ்வொரு சொல்லாய்ச் சொல்லிக்கொடுக்க, இன்ன வருஷத்து ரமலான் மாதத்தின் கடமையான நோன்பை நாளை வைக்க எண்ணுகிறேன் என்ற கருத்துள்ள வாசகத்தைத் தமிழிலேயே ஜமாஅத்தார் அனைவரும் கூடி உரக்கச் சொல்லும் வழக்கம் நம் பள்ளிவாசல்கள் பலவற்றில் உண்டு. இங்கே மத்ஹபு எனப்படும் சட்ட மரபுகளின் பேதம் குறுக்கிடுகிறது. கடற்கரை ஊர்களிலிருந்து வந்து மண்ணடிப் பக்கம் வாணிபம் நடத்தும் தமிழ் முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாபிஈ மரபினர். ராவுத்தர்களும் உருது பேசுவோரும் பெரும்பாலும் ஹனபி மரபினர். ஷாபிஈ மரபில் ஒவ்வோர் இரவும் வைகறைக்கு முன்னரே சங்கல்பம் செய்தாக வேண்டும். மறந்துவிட்டால் அன்றைய நோன்பு கணக்கில் சேராது, ஆயினும் மாதத்தின் மரியாதையை உத்தேசித்து அன்று மாலைவரை உண்ணாமல் இருக்க வேண்டும். ஹனபி மரபிலோ, எதையும் உண்ணாதிருந்த பட்சத்தில், முற்பகலுக்குள் எண்ணிக்கொண்டாலும் ரமலான் நோன்பு செல்லும். ஒரே பள்ளிவாசலின் ஒரே விரிப்பில் இவ்விரு மரபினரும் தோளோடு தோள் நின்று தொழுகிறார்கள். கஞ்சிக் குவளைகளுக்கு இந்தப் பேதம் தெரியாது.

அறிந்து உண்பதும், பருகுவதும், புகைப்பதும், பகலில் தாம்பத்திய உறவு கொள்வதும், வலிந்து வாந்தியெடுப்பதும் நோன்பை முறிக்கும். மறதியாய் உண்டுவிட்டால் முறியாது. நினைவு வந்த கணமே வாயிலிருப்பதை உமிழ்ந்துவிட்டு நோன்பைத் தொடர வேண்டும், இறைவனே அவனுக்கு ஊட்டினான் என்பது நபிமொழியின் கருத்து. தானாக வரும் வாந்தியும், குளிப்பதும், நறுமணம் பூசுவதும், பகலுறக்கமும், இரத்தப் பரிசோதனைக்கு விரலில் ஊசி குத்துவதும் முறிக்கா. ஊட்டச்சத்தற்ற மருந்து ஊசியால் முறியாது என்பதே இக்கால ஆலிம்களில் பெரும்பாலோரின் தீர்ப்பு. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்தைப் பற்றிக் கருத்து வேற்றுமை உண்டு. இவையெல்லாம் உடலைப் பற்றியவை. பொய்யுரையையும் அதன்படி நடப்பதையும் விடாதவன் உணவை விடுவதில் இறைவனுக்கு எந்தத் தேவையும் இல்லை என்ற கருத்தில் நபிகள் எச்சரித்திருக்கிறார்கள். சண்டைக்கு வருகிறவனிடம் நான் நோன்பாளி என்று மட்டும் சொல்லி விலகிவிடுமாறும் போதித்திருக்கிறார்கள். மீன் ஏலத்திலும் சுமைக்கூலிப் பேச்சிலும் குரல் உயராமல் ஒரு பகல் கழிவது கடினமான காசிமேட்டுப் பக்கத்தில், அந்தப் போதனையைக் கடைப்பிடிப்பது தாகத்தை அடக்குவதைக் காட்டிலும் அரிய தவம் என்றே நான் கருதுகிறேன்.

இனி, யாருக்கு விலக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். பருவமடையாத சிறுவர்களுக்கு நோன்பு கடமையன்று. ஏழு வயதிலிருந்து பழக்க வேண்டும் என்பது மட்டுமே பெற்றோருக்கு இடப்பட்ட கட்டளை. நோயாளியும் பிரயாணியும் நோன்பை விட்டுவிட்டு வேறு நாட்களில் எண்ணிக்கையைப் பூர்த்தி செய்யலாம் என்பது குர்ஆனின் வாக்கு. பிரயாணம் என்பதற்குச் சட்ட நூல்கள் வகுத்த தூரம் இக்கால அளவில் சுமார் 80 கிலோமீட்டர். அவ்வாறாயின் சென்னைத் துறைமுகத்திலிருந்து கண்டெய்னரை ஏற்றிக்கொண்டு எண்ணூருக்குப் போகும் ஓட்டுநர் பிரயாணி ஆகமாட்டார். பெங்களூருக்குப் போகிறவர் ஆவார். மாதவிலக்கிலும் பிரசவத் தீட்டிலும் இருக்கும் பெண்கள் நோன்பு வைக்கலாகாது. விட்ட தொழுகையை அவர்கள் திரும்பத் தொழ வேண்டியதில்லை, விட்ட நோன்பை மட்டும் பின்னர் களா செய்ய வேண்டும், அதாவது வேறு நாட்களில் வைத்து ஈடு செய்ய வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தமக்கோ குழந்தைக்கோ தீங்கு நேரும் என அஞ்சினால் விட்டுவிடலாம்.

கடினமான தேக உழைப்பில் இருக்கிறவர்களின் நிலைமை கடமைக்கும் விலக்குக்கும் நடுவே உள்ளது. வேலை கனமானது என்பதால் மட்டும் முதல் நாள் இரவே நோன்பில்லை என்று தீர்மானித்துவிட அனுமதி இல்லை. அறுவடைத் தொழிலாளியை உதாரணமாக எடுத்துக்கொண்ட ஷாபிஈ சட்ட அறிஞர்கள், அவன் இரவில் சங்கல்பம் செய்து நோன்போடு வயலுக்குச் செல்ல வேண்டும், வேலையின் நடுவே தாங்கவொண்ணாத துன்பம் நேர்ந்தால் அப்போது முறித்துக்கொள்ளலாம், பின்னர் ஒரு நாளைக்கு ஒரு நாளாகக் களா செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில் சரக்கு லாரியிலிருந்து மூட்டை இறக்கும் ராயபுரத்துத் தொழிலாளிக்கும் இதுவே சட்டம். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்த பின்னும் பிடிவாதமாய்ப் பசித்திருப்பது புண்ணியம் என்ற எண்ணம் பாமரர் சிலரிடம் உண்டு. சட்டம் அதை ஆதரிக்கவில்லை. நீரிழிவு நோயாளிகளைப் பற்றி மருத்துவர்களும் திட்டவட்டமாகவே சொல்கிறார்கள்: ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலும் 300-க்கு மேலே ஏறினாலும் அக்கணமே நோன்பை முறித்துவிட வேண்டும், ரமலான் பிறப்பதற்கு ஓரிரு மாதம் முன்பே மருந்தின் அளவையும் வேளையையும் மருத்துவரிடம் கேட்டு மாற்றியமைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஆலோசனையைக் கேட்க வெட்கப்படுகிறவர்கள் இன்னும் நம்மிடையே இருப்பது வருத்தத்திற்குரியது.

விட்ட நோன்பை ஈடு செய்யும் வழிகள் மூன்று. தற்காலிகக் காரணத்தால் விட்டவர்களுக்குக் களா. இனி ஒருபோதும் நோன்பு வைக்கும் சக்தி திரும்பாது என்ற நிலையில் உள்ள முதியவர்களுக்கும் தீராத நோயாளிகளுக்கும் ஃபித்யா, அதாவது ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்கு உணவு. ஷாபிஈ மரபில் அது ஒரு முத்து அளவு தானியம், நம் அரிசிக் கணக்கில் சுமார் 600 கிராம். ஹனபி மரபில் அளவு அதிகம். கோதுமையாகவோ அதன் கிரயமாகவோ கொடுக்கலாம். மூன்றாவது கஃப்பாரா என்னும் பிராயச்சித்தம், மிகக் கடுமையானது. ரமலான் பகலில் வேண்டுமென்றே தாம்பத்திய உறவால் நோன்பை முறித்தவன் ஓர் அடிமையை விடுவிக்க வேண்டும். இயலாவிட்டால் இடைவிடாமல் இரண்டு மாதம் நோன்பிருக்க வேண்டும். அதுவும் இயலாவிட்டால் அறுபது ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும். வேண்டுமென்றே உண்டவனுக்கும் இதே பிராயச்சித்தம் என்பது ஹனபி மரபின் முடிவு.

இந்தக் கடுமையான சட்டத்தோடு பிணைந்த ஒரு வரலாறு ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. நான் நாசமானேன் என்று அலறிக்கொண்டு ஒருவர் நபிகளிடம் ஓடி வந்து, நோன்பின் பகலில் மனைவியோடு கூடிவிட்டதை ஒப்புக்கொண்டார். விடுவிக்க அடிமை உண்டா என்று கேட்டபோது இல்லை என்றார். இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பிருக்க முடியுமா என்றபோது முடியாது என்றார். அறுபது ஏழைகளுக்கு உணவிட வகையுண்டா என்றபோது அதற்கும் இல்லை என்றே பதில். சற்று நேரத்தில் யாரோ ஒரு கூடைப் பேரீச்சம்பழம் கொண்டுவந்தார்கள். நபிகள் அதை எடுத்து அவரிடமே கொடுத்து, கொண்டுபோய்த் தர்மம் செய்யுமாறு பணித்தார்கள். அவரோ, இந்த மதீனாவின் எல்லைக்குள் என் குடும்பத்தைவிட ஏழைக் குடும்பம் வேறு ஏது என்று கேட்டார். பற்கள் தெரிய நபிகள் சிரித்துவிட்டு, அப்படியானால் உன் வீட்டாருக்கே ஊட்டு என்று அனுப்பினார்கள். தண்டம் கட்ட வந்த ஏழை, கூடை நிறையப் பழத்தோடு வீடு திரும்பியதாக முடியும் இவ்வரலாற்றைச் சட்ட அறிஞர்கள் பலவாறாக விவாதித்திருக்கிறார்கள். பிராயச்சித்தம் அவரைவிட்டு முற்றிலும் நீங்கியதா, வசதி வரும்வரை ஒத்திவைக்கப்பட்டதா என்பது அவர்களுடைய வழக்கு. சட்டத்தின் கடைசிப் படியில் யாரோ ஒருவருடைய வயிறு நிறைந்தது என்பதில் மட்டும் வழக்கு இல்லை.

கஞ்சிக்கு வருவோம். ராயபுரத்துப் பள்ளிவாசல் ஒன்றின் பின்கட்டில், நண்பகலின் லுஹர் தொழுகைக்கு முன்பே அடுப்பு மூண்டுவிடுகிறது. ஆள் உயரத்துக்குச் சற்றே குறைந்த அண்டாவில் எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலம், ரம்பை இலை. அவை மணத்ததும் வெங்காயமும் தக்காளியும், இஞ்சி பூண்டு விழுதும், கைநிறையப் புதினா மல்லியும். வசதியுள்ளவர் யாரேனும் அன்றைய செலவை ஏற்றிருந்தால் கொத்துக்கறியும் சேரும். நொய்யாக உடைத்த அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் குழைய வெந்த பின் கடைசியில் தேங்காய்ப்பால். துடுப்பைப் போன்ற நீண்ட கட்டையால் அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கிண்டுகிறவரும் நோன்பாளி. நாவின் நுனியால் சுவை பார்த்து உமிழ்ந்துவிட அவசியத்தின்பேரில் சட்டம் அனுமதித்தாலும், அதையும் அவர் செய்வதில்லை. "உப்பு சரியா இருக்குதான்னு எப்படி பாய் தெரியும்?" என்று கேட்டால், "கை அளவுதான் சார். கொதிக்கிற வாசனையிலியே தெரிஞ்சிடும்" என்கிறார், கட்டையை விடாமல்.

அஸர் முடிந்ததும் வாளிகள் நீள்கின்றன. மீன் விற்றுவிட்டு வெற்றுக் கூடையோடு அவ்வழியே வந்த ஒரு முதிய அம்மாள், "பாய், கொயந்தைக்கு ஒடம்பு சரியில்ல, கொஞ்சம் கெட்டியா ஊத்து" என்கிறாள். "வூட்டுல எத்தினி பேரும்மா?" என்று கேட்டு, அதற்குத் தக்கபடி மூன்று கரண்டி விழுகிறது. நோன்பு திறக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கையில், பசித்திருக்கும் ஒருவர், பசியாறப்போகும் இன்னொருவருக்கு ஆவி பறக்கும் உணவைத் தம் கையால் வார்த்துக்கொடுப்பதை, நோன்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவசியம் ஒருமுறை நேரில் நின்று பார்க்க வேண்டும். நோன்பாளி ஒருவருக்கு நோன்பு திறக்க உணவளிப்பவர், அந்த நோன்பாளியின் நன்மையில் ஏதும் குறையாமல் அதே அளவு நன்மையைப் பெறுவார் என்ற நபிமொழியே இந்த அண்டாவுக்கு ஆதாரம். பள்ளிவாசலுக்குள் நீண்ட விரிப்பின்மேல் கஞ்சிக் குவளையும், பேரீச்சம்பழமும், வடையோ சமோசாவோ ஒன்றும், சில நாட்களில் கடல்பாசியும் நன்னாரி சர்பத்தும் வரிசையாய் வைக்கப்பட, அந்தித் தொழுகைக்கு அழைக்கும் மஃரிப் பாங்கு ஒலித்ததும் முதலில் பழமும் தண்ணீரும். தாமதியாமல் திறப்பதே சிறப்பு.

பள்ளிவாசல்களுக்கு நோன்புக் கஞ்சிக்கான அரிசியைத் தமிழக அரசு 2001-ஆம் ஆண்டிலிருந்து வழங்கிவருகிறது. கொரோனாத் தொற்றால் பள்ளிவாசல்கள் மூடப்பட்டிருந்த 2020-இல் 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் அரிசி ஒதுக்கப்பட்டது. கஞ்சி காய்ச்ச இயலாத நிலையில், அந்த அரிசியே தன்னார்வலர் மூலம் வீடுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. திருவல்லிக்கேணியில் 1795-இல் கட்டப்பட்ட வாலாஜா பள்ளிவாசலில், தேசப் பிரிவினையின்போது சிந்து மாகாணத்திலிருந்து வந்த இந்துக் குடும்பங்களைச் சார்ந்த மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பினர், பல பத்தாண்டுகளாக நோன்பாளிகளுக்குத் தாமே சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். வீடிழந்து வந்தவர்கள் இவ்வாறு நோன்பாளிகளுக்குப் பரிமாறுவது இந்நகரத்துக்குப் பெருமை தரும் செய்தி.

இரவுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இஷா என்னும் இரவுத் தொழுகைக்குப் பின் தராவீஹ் என்னும் நீண்ட தொழுகை. பல பள்ளிவாசல்களில் ரக்அத்து என்னும் தொழுகைச் சுற்றுகள் இருபது, சிலவற்றில் எட்டு. குர்ஆன் முழுவதையும் மனனம் செய்த ஹாபிழ் ஒருவர், மாத இறுதிக்குள் அதை ஓதி முடிக்கிறார். கடைசிப் பத்து நாட்களில் சிலர் உலக விவகாரங்களை விட்டுப் பள்ளிவாசலிலேயே தங்கி இஃதிகாஃப் இருக்கிறார்கள். லைலத்துல் கத்ர் என்ற மகத்தான இரவு அந்தப் பத்தில் ஒன்று என்பதால், முக்கியமாக இருபத்தேழாம் இரவில், தெருவே உறங்குவதில்லை. வைகறைக்கு முந்திய சஹர் உணவு ஒரு மிடறு தண்ணீராயினும் விடலாகாது என்பது போதனை. முன்பெல்லாம் பக்கீர்மார் தாயிரா கொட்டிப் பாடிக்கொண்டு சந்து சந்தாய் வந்து சஹருக்கு எழுப்புவார்கள். கைபேசியின் அலாரம் அவர்களுடைய ஜீவனத்தைப் பெரும்பாலும் பறித்துவிட்டது. பெருநாள் காலையில் வாசலுக்கு வரும் அவர்களுக்கு இனாம் தரும் வழக்கம் சில தெருக்களில் மட்டும் எஞ்சியிருக்கிறது.

முப்பது நாளும் பழுதின்றி நோன்பிருந்தவனும் பெருநாள் தொழுகைக்குச் செல்லுமுன் ஃபித்ரா கொடுத்தாக வேண்டும். குடும்பத் தலைவர் தமக்கும், தம் பொறுப்பில் உள்ள ஒவ்வொருவருக்குமாக, நேற்றுப் பிறந்த சிசுவையும் சேர்த்துக் கணக்கிட்டு, ஷாபிஈ மரபில் தலைக்குச் சுமார் இரண்டரைக் கிலோ அரிசியும், ஹனபி மரபில் சுமார் ஒன்றேமுக்கால் கிலோ கோதுமையோ அதன் கிரயமோ ஏழைகளுக்குச் சேர்ப்பிக்கிறார். ஹனபி மரபில் குறிப்பிட்ட செல்வம் உள்ளவனுக்கே இது கடமை. ஷாபிஈ மரபிலோ, அன்றைய தினத்துக்கு வேண்டிய உணவு போக மிச்சம் வைத்திருக்கும் ஏழைக்கும் கடமையாதலால், ஒரு கையால் ஃபித்ரா அரிசியை வாங்கும் கூலித்தொழிலாளி, மறு கையால் தன் பங்கை அடுத்த வீட்டுக்கு அனுப்புகிறார். பெருநாளன்று ஒருவரும் பசித்திருக்கலாகாது என்பதே நோக்கம். அன்று நோன்பிருப்பது தடுக்கப்பட்ட செயல். ஹஜ்ஜுப் பெருநாளும் அதை அடுத்த மூன்று நாட்களும் அவ்வாறே.

பெருநாள் கழிந்ததும் ஷவ்வால் மாதத்தில் ஆறு நாட்கள், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய அரஃபா நாள், முஹர்ரம் ஒன்பதும் பத்தும், திங்களும் வியாழனும், ஒவ்வொரு சந்திர மாதத்தின் 13, 14, 15-ஆம் நாட்கள் ஆகியவை விருப்ப நோன்புக்கு உரியவை. வீட்டுப் பெண்களுக்கோ, கடமையான களா நோன்புகள் இன்னும் பாக்கி நிற்கின்றன. அந்த நாட்களில் பள்ளிவாசல் கஞ்சி இல்லை, சஹருக்கு எழுப்புவார் இல்லை. பிள்ளைகளுக்குப் பகலுணவு சமைத்துப் பரிமாறிக்கொண்டே, ஆறோ ஏழோ நாட்களை அவர்கள் தனியாய் வைத்து முடிக்கிறார்கள். ரமலானில் வீட்டார் அனைவரும் கூடி வைக்கும் நோன்பைவிட இது கடினம் என்பதை ஆண்மக்கள் உணர்ந்து, அந்நாட்களில் அடுப்பு வேலையையேனும் தாங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். அடுத்த ரமலான் பிறப்பதற்குள் களாவை முடித்தாக வேண்டும் என்பது ஷாபிஈ மரபின் விதி. தக்க காரணமின்றித் தாமதித்தால், விட்ட நோன்பைப் பின்னர் வைப்பதோடு, நாள் ஒன்றுக்கு ஒரு முத்து அரிசியை ஏழைக்கு அளந்து கொடுக்கவும் வேண்டும்.